நாத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே எல்லாரும் சுகம்தானே என்று கேட்க வாய் வருகிறது, இல்லை என்று தெரிந்துகொண்டே எப்படிக் கேட்பேன் கண்ணு. போனில் கேட்டால் நல்லாத்தான் இருக்கேம்மா என்று வைத்துவிடுகிறாய், அதற்குமேல் பேசினால் நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் தப்பும் தவறுமாக எழுதி, மாப்பிள்ளையோடு லாரி ஓட்டுகிறவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நேற்று பெரியவள் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். அம்மா தூங்குது பாட்டி, சத்தம் போட்டா அடி விழும் என்று என்னையே அதட்டினாள். அடுப்படித் தரையில் சுருண்டு கிடந்தாய், துப்பட்டாவின் ஒரு முனை உன் மணிக்கட்டில், மறுமுனை சின்னவன் இடுப்பில். அவன் நகர்ந்தால் விழித்துக்கொள்ளலாம் என்று கட்டியிருக்கிறாய். இதய வால்வு கெட்டு, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள் நீ. ஆபரேஷனில் நெஞ்செலும்பை அறுத்துச் சேர்ப்பார்களாம், அது கூடுகிறவரை பிள்ளையைத் தூக்கவே கூடாதாம், மாப்பிள்ளை சொன்னார். சின்னவனோ இடுப்பை விட்டு இறங்காதவன். மாப்பிள்ளை லாரியில் போய்விட்டால் யார்தான் தூக்குவது?

நான்தான் வரவேண்டும், வர வழியில்லை. அப்பா போனதிலிருந்து தம்பி என் கையைத் தவிர யார் கையிலும் சாப்பிடுவதில்லை, தாடி முளைத்த குழந்தை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு விட்டுப் பார்த்தேன், தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். ஒரு கண்ணுக்கு வெண்ணெய் ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா என்று நீ கேட்கலாம், எனக்கு இரண்டு கண்ணும்தான் எரிகிறது.

அதனால் உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன், திட்டாதே. உன் நாத்தனாருக்குப் போன் போட்டேன். உன் வீட்டைப் பார்த்து இது வீடா துணிக்கடையா என்று அவள் கேட்டதையும், நீ பேச்சை நிறுத்தியதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் கெஞ்சினேன். நான் வர்றேன் அத்தை, உங்க பொண்ணு உள்ள விடுவாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். பாத்திரத்தை இடம் மாற்றுவாள், பிள்ளைகளை அதட்டுவாள், ஏதாவது குத்திப் பேசாமலும் இருக்கமாட்டாள். வாயால் நாலு வார்த்தை சொன்னாலும் கை வேலை செய்யும் அல்லவா, நீ படுத்திரு. ஆபரேஷன் முடிந்து இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமு. சின்னவன் அழுதால் கட்டிலில் உன் பக்கத்தில் படுக்கவைக்கச் சொல், தூக்காதே.

அப்பாவுக்கு ஆனமாதிரி உனக்கு ஆகாது, சின்ன வயசு என்று டாக்டர் சொன்னாராம். நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வேன். அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது வெளியே பெஞ்சிலாவது உட்கார்ந்திருந்தேன், உனக்காக அப்படி உட்காரக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

என் ஆயுசில் மிச்சம் இருப்பதையும் சேர்த்து நீ வாழவேண்டும் தாயி. பிள்ளைகளுக்கு என் முத்தம். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து மணி அடித்தால் கதவைத் திற. உனக்கு மனசு வராவிட்டால் பெரியவளையாவது திறக்கச் சொல்.

உன்
அம்மா