அப்பா ஏறிய கூரை

லைப்சிக்,
20 நவம்பர் 1988

அன்பு மகள் ரோஸ்விதாவுக்கு அம்மா எழுதுவது. எல்லைக்கு அந்தப் பக்கம், மேற்கு ஜெர்மனியில், நீயாவது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன், இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உட்கார்ந்து படி. அப்பா உயிரோடு இருக்கிறார், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, இனி நடக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீ போன பிறகு அவர் யாரோடும் பேசாமல் கிடந்தது உனக்குத் தெரியும். வசந்தத்தில் ஒருநாள் திடீரென்று கோட்டை மாட்டிக்கொண்டு வா என்றார். வெளியூர்க்காரர்கள் பார்க்கிற பழைய சந்தைப் பக்கம் அல்ல, டிராம் ஏறி ஊருக்குக் கிழக்கே, ஃபோல்க்மார்ஸ்டோர்ஃப் தெருக்களுக்கு. போன நூற்றாண்டில் ஆலைகள் வந்தபோது வரிசையாகக் கட்டிய நாலு மாடி வீடுகள், இப்போது பாதி காலி, கூரை விளிம்பில் மரமே முளைத்திருக்கிறது. எந்தக் கதவு திறந்திருந்தாலும் உள்ளே போய்விடுவார், படிக்கட்டில் வண்ணக் கண்ணாடி ஜன்னல், கரிப் புகைக்கு அடியில் சுவரில் வரைந்த பூங்கொடி என்று விரலால் துடைத்துத் துடைத்துக் காட்டுவார். ஒரு வாசலுக்கு மேலே இருந்த சுதைப் பெண்முகத்தைப் பார்த்து, "மூக்கு உடைஞ்சும் முறைக்கிறத விடல பாரு ஹெட்விக், உங்க வம்சம்தான்" என்றார். நீ போன பிறகு அவர் சொன்ன முதல் கிண்டல் அது. இப்படியே தேறிவிடுவார் என்று நானும் ஞாயிறுதோறும் ரொட்டி கட்டிக்கொண்டு கூடவே போனேன்.

அக்டோபரில் ஒரு வீட்டு வாசலில் நாங்கள் அண்ணாந்து நின்றபோது உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வாளியோடு வந்தாள். லிண்ட்னர் என்று பெயர், விதவை, அந்தக் கட்டடத்தில் மிச்சம் இருந்த ஒரே ஆள். மழை கூரை வழியாக அவள் படுக்கை வரை வருகிறதாம், மனு எழுதிப் போட்டு அலுத்துவிட்டாளாம். அப்பா சுதை வேலையைப் புகழ்ந்தார், அவள் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, "அழகா இருக்குன்னு சொல்ல ஆள் வருது, ஒரு ஓடு கொண்டாந்தவன் எவனும் இல்ல" என்றாள். அடுத்த வாரம் அப்பா யாரிடமோ சொல்லி வைத்து, அவள் கூரை ஒழுகாமல் ஒட்டத் தார்த்தாள் ஒரு சுருள் வாங்கி வந்தார். நான் வேண்டாம் என்றேன். "நம்மால ஏதாவது ஒண்ணு நிக்கட்டுமே" என்றார். அவர் பரணில் ஏறினார், நானும் அந்த அம்மாளும் படிக்கட்டில் நின்று சுருளை எடுத்துக் கொடுத்தோம், அவர் கால் வைத்த உத்திரம் உள்ளே உளுத்துப்போயிருந்திருக்கிறது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை ரோஸி. பரண் தளத்தையும் அதற்குக் கீழே இருந்த தளத்தையும் உடைத்துக்கொண்டு விழுந்தார்.

அந்த வீட்டை இப்போது இடித்தே விட்டார்கள். லிண்ட்னர் அம்மாளுக்கு ஊர்க்கோடியில் புது அடுக்குமாடியில் வீடு கிடைத்தது, குழாயிலேயே சுடுதண்ணீர் வருகிறதாம். கேக் செய்து ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்து, "நான் வாய அடக்கியிருக்கலாம்" என்று அழுதாள். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை, வந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாம் இருப்பதோ நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது, அவரை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவேன், பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள் ஆஸ்பத்திரியில். நீ சில நாள் வந்துபோக அனுமதி கேட்டுப் போனேன். அங்கிருந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போனவங்க போனவங்கதாம்மா" என்றான்.

உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். "தெரிஞ்சு என்ன பண்ணுவா, அங்க ஒத்தையா உக்காந்து அழுவா" என்றார். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், எழுதிவிட்டேன், வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். நீ எல்லையில் வந்து நிற்காதே, உன்னையும் பிடித்து வைத்தால் நான் தாங்கமாட்டேன். குளிர் வந்துவிட்டது, கழுத்தை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, கடவுள் உன்னையாவது கைவிடாமல் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு அவருக்குத் தனியாக எழுது, எதுவும் தெரியாதவள்போல எழுது. ஞாயிற்றுக்கிழமை எந்தத் தெருவுக்குப் போனீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் ஏதாவது ஒரு தெருவைப் பொய்யாகச் சொல்வார், படுத்தபடி அவரால் எழுத முடியாது, அதை நான்தான் எழுத வேண்டியிருக்கும்.

உன் அம்மா,
ஹெட்விக்