வெள்ளி டம்ளரில் வெட்டிய பெயர்

டொராண்டோ
16-2-1976

அன்புள்ள உமாபதிக்கு,

இங்கே அப்பாவும் நானும் வகுளாவும் சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே நீயும் கிர்ஸ்டியும் குழந்தையும் குளிர் தாக்காமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். பனியில் வழுக்கி விழுந்ததில் என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். பயப்படாதே, மூன்று வாரத்தில் பிரித்துவிடுவார்கள்.

உன் கடிதமும் கிர்ஸ்டியின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவளுடையதை வகுளா தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள். நாங்கள் அனுப்பிய வெள்ளி டம்ளரை முன்னறையில் வைத்து, குழந்தையின் பெயர் ஓய்ரிக் தமிழ் எழுத்தில் இப்படித்தான் இருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாளாம். இறந்துபோன அவள் அம்மாவுக்கும் அதே பெயர், அதைப் பள்ளிக்கூடத்தில் எஃபி என்று மாற்றித்தான் எழுதினார்களாம், அவர்கள் முன்னோர் பேசிய கேலிக் மொழிப் பெயரை வீட்டுக்கு வெளியே யாரும் எழுதி அவள் பார்த்ததில்லையாம், நீங்கள் வெள்ளியில் வெட்டி அனுப்பிவிட்டீர்கள் என்று நன்றி சொல்லியிருக்கிறாள். வகுளா அதோடு நிறுத்திவிட்டாள். டம்ளரில் இருப்பது அம்புஜம் என்று எங்கள் மூவருக்கும் தெரியுமே.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. அக்டோபரில் குழந்தை பிறந்த மறுநாளே நீ பெயரையும் அது யார் பெயர் என்பதையும் சொல்லிவிட்டாய். அதை நம் தமிழ்ச் சிநேகிதிகள் கூடியிருந்தபோது லலிதாவிடம் சொன்னதும், என்ன வசு, பேத்தியைக் கூப்பிடறதுக்கு முன்னாடி தொண்டைக்குக் கஷாயம் வெச்சுக் குடிக்கணும் போலிருக்கே என்று எல்லார் முன்னாலும் சிரித்தாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அம்புஜம், என் மாமியார் பெயர் என்று சொல்லத் தொடங்கினேன். ஓய்ரிக் என்ற பெயர் மிகப் பழையது, அந்த மொழிக்காரர்களே பலர் அதை ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டார்கள் என்று வகுளா நூலகத்தில் தேடிப் படித்துச் சொன்னாள். அவர்களே விட்டதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. சென்னையில் உன் மாமாவை டம்ளர் வாங்கச் சொல்லி, பெயர் வெட்டுகிறவர் பிழைவிடக் கூடாதென்று வகுளாவிடம் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி அனுப்பினேன். பெற்றவர்கள் வைத்த பெயர் இருக்கும்போது யார் வீட்டுக் குழந்தைக்கு இதை வெட்டுகிறாய் என்று அப்பா கேட்டார். உங்கள் அம்மா பெயர்தானே என்று வாயை அடைத்துவிட்டேன். இதே வகுளாவைப் பள்ளியில் விக்கி என்று கூப்பிட்டதற்கு ஆசிரியையிடம் போய்ச் சண்டை போட்டவள் நான். கிர்ஸ்டியின் கடிதத்தைக் கேட்டபோதுதான் அது நினைவுக்கு வந்தது. தனக்கும் இதில் பங்குண்டு என்று எழுத வேண்டுமாம் உன் தங்கைக்கு. பதினான்கு வயதுப் பெண், நான் சொன்னதைச் செய்தாள், குற்றம் என்னுடையது மட்டும் என்று எழுதச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

கிர்ஸ்டியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, டம்ளரில் இருப்பது குழந்தையின் பெயர்தான் என்றே அவள் இருந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. என்றாவது குழந்தை தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தால் என்ன பதில் சொல்வாய்? இருபத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நேரம் பதினொன்றுக்கு நானே கிர்ஸ்டிக்குப் போன் செய்வேன். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும், ஆனாலும் வகுளாவைப் பேச விடமாட்டேன். சொல்ல வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். லலிதாவிடம் நேற்றே சரியான பெயரைச் சொல்லிவிட்டேன். அப்போ அம்புஜம் யாரு என்றாள். நான் பொய் சொன்னேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

பனி உருகியதும் குழந்தையைப் பார்க்க வாருங்கள் என்று கிர்ஸ்டி எழுதியிருக்கிறாள். எல்லாம் கேட்டபிறகு வர வேண்டாம் என்று அவள் சொன்னால் நாங்கள் வர மாட்டோம், அதற்காக நீ அவளிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எனக்கு முந்திக்கொண்டு எதையும் சொல்லி வைக்கவும் வேண்டாம். ராத்திரி டியூட்டி முடிந்ததும் உடனே காரை ஓட்டாமல் சற்றுத் தூங்கிவிட்டுக் கிளம்பு. மூவருக்கும் எங்கள் ஆசிகள், நீண்ட ஆயுளோடு இருங்கள். ஓய்ரிக்குக்கு எனக்காக ஒரு முத்தம் கொடு, ஆனால் நான் பேசி முடித்த பிறகு, கிர்ஸ்டியைக் கேட்டுக்கொண்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
வசுமதி