நாற்பது என்று எழுதிய கேக்

சின்னவளின் அப்பாவுக்கு வணக்கம்.

நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா?

என் அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு மண்டபம் பிடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு ஊருக்கு வர லீவு கிடையாது என்று பேக்கரியில் சொல்லிவிட்டார்கள். சரி என்று கிரீம் பையை எடுத்துக்கொண்டு என் மேசைக்குப் போனேன். அழுகைகூட வரவில்லை.

நேற்று ஒரு கூத்து. இந்த பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுவதுதானே என் வேலை? யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக்கில், கை தன் பாட்டுக்கு ‘அப்பா அம்மா 40’ என்று தமிழில் எழுதிவிட்டது. பக்கத்து மேசையில் இருக்கும் நம் ஊர்க்காரி எட்டிப் பார்த்து, “ஏய், நாப்பது வயசுக் குழந்தையா?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சூப்பர்வைசர் பார்ப்பதற்குள் சுரண்டி எடுத்துவிட்டுச் சரியான பெயரை எழுதினேன்.

குரூப் போட்டோ எடுக்கும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் விடச் சொல்லுங்கள். ஸ்டுடியோக்காரர் பிறகு என் படத்தை அங்கே ஒட்டிவிடுவார். அம்மாவின் புடவை என்ன கலர் என்று மட்டும் எழுதுங்கள். அதற்குப் பொருத்தமாக உடுத்திக்கொண்டு படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்றைக்கு மண்டபத்தில் வெட்டும் கேக்கில் எனக்கென்று துண்டு எடுத்து வைக்க வேண்டாம். சுரண்டியதை நான் தூக்கிப் போடவில்லை, தின்றுவிட்டேன்.

வேலைக்குக் கூட்டிப் போகும் வேன் வந்துவிட்டது.

சின்னவளின் அம்மா