அவர் அடுக்கிய கற்கள்

பிப்ரவரி 1996, வெள்ளி இரவு

ஆஸ்பத்திரி நர்சுகளோடு துபாய்ப் பக்கத்து ராஸ் அல் கைமா மலைக்கு நடக்கப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். கரும்பாறைப் பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் கல்லடுக்குகள் அப்படியே நிற்கின்றன. மழைவெள்ளம்கூட அவற்றைத் தொடவில்லை. எனக்குத் திரும்பும் வழி தெரியட்டும் என்று போன குளிர்காலத்தில் என் வீட்டுக்காரர் அடுக்கியவை. கோடையில் அவரைச் சவப்பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினேன்.

"எக்கா, இதை யாரு அடுக்கி வச்சது?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. வேலைக்குப் புதிது, அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"யாரோ" என்றேன்.

பள்ளத்தாக்கின் பாழடைந்த கல்வீடுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பும்போது, பாதை பிரியும் இடத்தில் எல்லாரும் குழம்பி நின்றார்கள். ஸ்டெல்லாதான் கல்லடுக்கைக் கண்டு வழி சொன்னாள்.

"வச்ச மனுசன் நூறு வயசு வாழணும், எக்கா."

தலையாட்டினேன்.