மண்ணில்லாத மூன்றடி

இன்று காலை ஆபீஸ் பரணிலிருந்து உன் வீட்டு வரைபடத்தை எடுத்து விரித்தேன். ஓரத்தில் உன் விரல்களின் செம்மண் ரேகை அப்படியே இருக்கிறது. குன்றிலிருந்து இறங்கிய கையோடு படத்தைத் தொடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டால்தானே நீ. வில்லியனூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவனுக்குக் காகிதமும் ஆணிப் பெட்டியும் ஒன்றுதான்.

காட்டேரிக்குப்பம் பக்கம் அந்தக் குன்றை நீ வாங்கியபோது, கடை மேலேயே வீடு இருக்கையில் மலை மேல் எதற்கு என்று உன் அப்பா கேட்டார். நீயோ நேராக மூலக்குளத்துக்கு, வீட்டு பிளான் போடும் என் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தாய். தட்டையான கான்கிரீட் கூரை, நடுவில் தூண் இல்லாத கூடம், கிழக்கே சுவருக்குப் பதில் முழுக்கக் கண்ணாடி. கண் விழித்தால் ஏரி தெரிய வேண்டும். நீ சொல்லச் சொல்ல என் பென்சில் நிற்கவில்லை.

அளந்ததில்தான் கோட்டை விட்டோம். பிறந்ததிலிருந்து சமதரை மனைகளையே பார்த்த ஆட்கள் நாம். சரிவிலும் டேப்பைத் தரையோடு படுக்கப்போட்டு, நாற்பது அடி என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டோம். பிறகு ரசமட்டம் வைத்து நூலை நேராக இழுத்தால், கடைசிக் குச்சியை நட மண்ணே இல்லை. சரிவில் நாற்பது, மட்டத்தில் முப்பத்தேழுதான்; வீடு மூன்றடி வெளியே நின்றது. எனக்கு மானம் போயிற்று. கொத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீ விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தாய்.

"வுடுடா. அந்த மூணடி அந்தரத்துலயே நிக்கட்டும்."

அடப்பாவி! அதற்கப்புறம் ராப்பகலாக உட்கார்ந்து படத்தை மாற்றி வரைந்தேன். அடியில் ஒரு தாங்கலும் இல்லாமல் கூடம் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றது. அதுவரை நான் வரைந்ததெல்லாம் பெட்டி; இதுதான் வீடு.

பூமி பூஜைக்கு நாள் குறித்த பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது. வைத்தியத்துக்காகக் குன்றை விற்றார்கள். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ஆஸ்பத்திரியில் நான் முழித்துக்கொண்டு நின்றேன். உனக்கு முன்பே தெரிந்திருந்தது.

"நெலம் போனா இன்னாடா, வூடு நம்மகிட்டதான இருக்குது" என்றாய். அதோடு விட்டாயா? சமையலறை ஜன்னல் சின்னது என்று சண்டைக்கு வந்தாய். கட்டில் மேலேயே படத்தை விரித்து ஜன்னலைப் பெரிதாக்கினேன். நாலாம் நாள் போய்விட்டாய். எனக்கு இன்னும் ஆறவில்லையடா.

இன்று மேசையில் கிடந்த படத்தைப் பார்த்து, வீடு கட்ட வந்த ஒரு புதுத் தம்பதி இது யாருடையது என்று கேட்டார்கள். என் சிநேகிதன் வீடு என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. வாசலில் நுழைத்து, கூடத்தில் நடத்தி, அந்த மூன்றடியில் நிறுத்தி ஏரியைக் காட்டினேன். காலை வெயில் எதுவரை வரும் என்றுகூடச் சொன்னேன்.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "ஒரு வாட்டி போயி பாத்துட்டு வரலாமா சார்?"

வாங்க, போகலாம் என்று எழுந்து வண்டிச் சாவியையும் எடுத்துவிட்டேன்.