சுடலைக்குக் கிடைத்த சைக்கிள்

அன்புள்ள செல்வலட்சுமிக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? ஏழாயிரம்பண்ணையில் மழை உண்டா?

மணாலிக்கு அடுத்த வாரம் எட்டுப் பேர் வருகிறார்கள். சைக்கிளோடு அவர்களை வேனில் மலையுச்சிக்கு ஏற்றிவிட்டால், சரிவில் ஓட்டி இறங்குவார்கள். முன்னால் சைக்கிளில் வழிகாட்ட, ஐந்து வருடமாய் வேன் ஓட்டும் என்னை விட்டு, போன மாதம் வந்த நம்மூர்ச் சுடலையை முதலாளி நியமித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு முழங்கால் வலி என்று பொய் சொல்லிவிட்டேன்.

முதலாளி விசாரித்தபோது, சுடலை என்னைப் பார்த்துவிட்டு வலிக்கிறது என்றே சொன்னான். வெளியே வந்து, "ஆசையிருந்தா எங்கிட்டயே கேட்டிருக்கலாம்லண்ணே?" என்றான்.

வழிகாட்டும் வேலை எனக்கே வந்துவிட்டது. இப்போது அவன் மனசைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது.

சாத்தூர்ச் சேவு இரண்டு பொட்டலம் அனுப்பு. தனியாகத் தின்றால் தொண்டையில் இறங்குவதில்லை. பாதை பார்க்கக் கிளம்புகிறோம். இன்று வேன் ஓட்டுவது சுடலைதான். ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன்.

உன்
மாரிக்கண்ணன்