கடுகு வைத்த கறுப்புப் பூக்கள்

என் சண்டைக்காரி சரோவுக்கு,

நீ போயி இன்னியோட நாப்பத்தி மூணு நாள். எப்படி இருக்கேன்னு கேக்க வாய் வரல. கேட்டா, செத்தவகிட்ட கேக்குற கேள்வியாடி இதுன்னு திட்டுவே. திட்டினாக்கூடத் தேவல. ஒன்றரை மாசமா என்னைய யாரும் திட்டல. பாவம், கூட்டாளியப் பறிகொடுத்துட்டான்னு எல்லாரும் தோளத் தடவிக் குடுக்குறாங்க. அதத்தான் என்னால தாங்க முடியல.

ஊர் சேதிய முதல்ல சொல்லிடுறேன். நம்ம மாசாய் ஊர்ல தினமும் சாயங்காலம் மழை. ஃபேக்டரியில உன் இடத்துல ஒரு இந்தோனேசியாப் பொண்ணப் போட்டிருக்காங்க. நல்ல பொண்ணுதான். வந்த அன்னிக்கே உன் ஸ்டூலத் தன் உயரத்துக்கு இறக்கி வெச்சிக்கிட்டா. அவ என்ன பண்ணுவா, பாவம்? நான்தான் டாய்லெட்டுக்குப் போயி அழுதுட்டு வந்தேன். உன் மோட்டார் சைக்கிள் உங்க வீட்டு வாசல்லயே நிக்குது. உன் வீட்டுக்காரரு மூர்த்தி அண்ணன் அத விக்கவும் இல்ல, ஒரு துணி போட்டு மூடவும் இல்ல. பத்து வருஷமா உன் பின்னால உக்காந்தே வேலைக்குப் போனவ நான், இப்ப பஸ்ஸுக்கு நிக்குறேன்.

சரி, சுத்தி வளைக்கல. நான் ஒண்ணு செஞ்சிட்டேன். அத உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஞாபகம் இருக்கா? லாக்கர் ரூம்ல யூனிஃபார்ம் மாத்திக்கிட்டிருந்தோம். நீ என் கையப் பிடிச்சு உன் இடது மார்ல வெச்சே. கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுது. மறுநாளே உன்ன இழுத்துக்கிட்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா தொட்டுப் பாத்துட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் குடுத்தாங்க, தள்ளிப் போடாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. வெளிய வந்ததும் நீ என்ன சொன்னே?

"கவிதா பரீட்சை முடியட்டும். அதுக்குள்ள யார்கிட்டயாச்சும் வாயத் திறந்தே, உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

உன் மகளுக்குப் பரீட்சை முடிஞ்சுது. ரிசல்ட் வரட்டும்னே. ரிசல்ட்டும் வந்துது, நல்லாவே வந்துது. அப்புறம் துக்கக் கார்டு செய்யிற ஆர்டர் நிறைய இருக்குன்னே. அப்புறம் எண்ணெய் தேய்க்கிற ஒரு அம்மாகிட்டப் போனே, கட்டி கரையுதுன்னே. நான் கத்தினப்பெல்லாம் நீ என்னைவிடச் சத்தமாக் கத்தினே, நான் அடங்கிட்டேன். கவிதாவுக்காகன்னு சொன்னது பாதி சாக்கு சரோ. நீ பயந்துட்டே. உன் பயத்தப் பாத்து நானும் பயந்துட்டேன். அந்தக் கோவம் எனக்கு இன்னும் தீரல, சொல்லிட்டேன்.

ஆடி மாசம் நீ ஃபேக்டரி லைன்லயே சுருண்டு விழுந்தே. ஆஸ்பத்திரியில ஒன்பது நாள்தான். மருந்து மயக்கத்துல உனக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது. கட்டி மாசக்கணக்கா இருந்திருக்கணுமேன்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாரு. மூர்த்தி அண்ணன் அந்த நடையில நின்னுக்கிட்டு என்னையே பாத்தாரு.

"விமலா, உன்கிட்டயாச்சும் ஏதாவது சொன்னாளா?"

"இல்லண்ணே."

நான் யோசிக்கக்கூட இல்ல. அது பாட்டுக்கு வந்துது. அவரு சுவத்துல சாஞ்சு, அப்ப அவ யாரையுமே நம்பல போலன்னாரு. அன்னிலேருந்து அந்த மனுஷன் அதையே பிடிச்சிக்கிட்டாரு. பொண்டாட்டி சொல்லி அழக்கூட லாயக்கில்லாத புருஷனா இருந்துட்டேன்னு, துக்கம் கேக்க வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னாரு. உன்னக் கிடத்தின பெட்டிக்குப் பக்கத்துல நின்னும் சொன்னாரு. நான் அங்கதான் உக்காந்திருந்தேன். எந்திரிச்சு, அண்ணே எனக்குத் தெரியும்னு சொல்ல எத்தன நொடி ஆயிருக்கும்?

வாயால சொல்ல முடியல. கார்டுல எழுதிக் குடுத்துடலாம்னு நெனச்சேன்.

நம்ம கார்டுக் கத எப்படி ஆரம்பிச்சுது, நெனச்சிப் பாரு. நம்ம சூப்பர்வைசர் சீன அங்கிளோட மனைவி தவறினப்ப, லைன்ல எல்லாரும் கையெழுத்துப் போட ஒரு கார்டு வாங்கிட்டு வந்தாங்க. வெளிர் ரோஸ்ல லில்லிப் பூ, மேல மினுக்குப் பொடி. நீ அதத் திருப்பித் திருப்பிப் பாத்தே. சாவு வீட்டுக்கு ரோஸ் கலர் பூவ அனுப்பினா, சீக்கிரம் அழுது முடிச்சிட்டுச் சிரின்னு சொல்ற மாதிரி இல்லையான்னு கேட்டே. அன்னிக்குச் சாயங்காலமே நீயா ஒண்ணு செஞ்சே. கறுப்பு அட்டை, மங்குஸ்தான் பழத் தோலோட கரு ஊதா நிறத்துல பூ, கறுத்த பச்சையில இலை. அந்த அங்கிள் அத வாங்கிப் பாத்துட்டு மார்ல அணைச்சிக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஃபேக்டரியில எந்த வீட்ல சாவு விழுந்தாலும் கார்டு உன்னோடதுதான். நீ பூ செய்வே, நான் வெட்டிக் குடுப்பேன்.

உன் அஞ்சாம் நாள் காரியத்துக்கு முந்தி லீவு போட்டுட்டு உக்காந்தேன். முதல் தடவையா நானே தனியாச் செஞ்சேன். நீ செய்யிற மாதிரியே பால் விடாத கோப்பி ஓ வண்டலக் கரைச்சுத் தாள ஊற வெச்சேன். வெள்ளைத் தாள்ல நேரா கலர் அடிச்சா அது பளிச்சுனு சிரிக்கும், கோப்பியில ஊறின தாள்லதான் கலர் அடங்கி உக்காரும்னு சொல்லுவியே. காஞ்சதும் இதழ் வெட்டினேன், பெருசுல எட்டு, நடுத்தரம் ஆறு, சிறுசு அஞ்சு. ஊதாவும் கருஞ்சிவப்பும் தடவி, ஈரம் காயறதுக்குள்ள நடுவுல ஒரு சொட்டு கறுப்பு மை. அது தானாப் பரவி விளிம்புக்கு வர்றப்ப எனக்கு ஆஸ்பத்திரியில பாத்த உன் ஸ்கேன் படம்தான் ஞாபகம் வந்துது, தூரிகையத் தூக்கி எறிஞ்சிட்டேன்.

அப்புறம் பழைய ரப்பர் மேட்டு மேல வெச்சு, டீ ஸ்பூன் முதுகால அமுக்கிக் குழிச்சேன். ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டினேன். மகரந்தத்துக்கு உன்னோட கடுகு. பசையில தொட்டு ஒவ்வொண்ணா ஊசி முனையால வெச்சேன். மூலையில ஒரு மொட்டு மட்டும் வெளிர் நிறத்துல வைக்கணும், பாக்குறவங்க கண்ணு போயி உக்கார ஒரு இடம் வேணும்னு நீ சொல்லுவே. அத நான் வைக்கல. எனக்கு வைக்கத் தோணல.

உள்ள எழுதினேன். 'அண்ணே, எனக்குத் தைப்பூசத்துலேருந்தே தெரியும். கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனதும் நான்தான். அவ உங்கள நம்பாம இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்.' இவ்வளவுதான். எழுதி முடிக்க ரெண்டு மணி நேரம்.

அஞ்சாம் நாள் காலையில குடுத்தேன். அண்ணன் வாசல்ல நாற்காலியில உக்காந்திருந்தாரு. வாங்கி மேல் பூவ விரலால தடவினாரு. சரோ செஞ்ச மாதிரியே இருக்கேன்னாரு. பிரிக்கப் போனாரு சரோ, சத்தியமா, கட்டை விரல் அட்டைக்குள்ள போயிடுச்சு. அதுக்குள்ள சிம்பாங் ரெங்கத்துலேருந்து வந்திருந்த அவங்க அக்கா உள்ளேருந்து வந்தாங்க. துக்கக் கடிதாசிய வீட்ல வெக்கக் கூடாது தம்பி, அதுவும் கறுப்புலன்னு சொல்லி, அவரு கையிலேருந்து வாங்கி, நாலாக் கிழிச்சு, கேட்டுக்கு வெளிய இருந்த குப்பைத் தொட்டியில போட்டாங்க. கோவமால்லாம் இல்ல. கருமாதிப் பத்திரிகை வந்தா நம்ம வீடுகள்ல கிழிச்சிப் போடுற மாதிரி, வழக்கமா. பூவுல இருந்த கடுகு ரெண்டு மூணு அண்ணன் மடியில உதிர்ந்து கிடந்துது.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஒண்ணும் பண்ணல. சாவு வீட்ல வரேன்னு சொல்லக் கூடாதே, அதனால சொல்லாமலே எந்திரிச்சு வந்தேன். வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அப்பாடான்னு இருந்துது. அத எழுத வெக்கமா இருக்கு, ஆனா அப்பாடான்னுதான் இருந்துது.

சாப்பிட்ட கையக் கழுவுறப்பதான் நீ எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துது. நம்ம லைன்ல இருந்த ராக்கம்மாவோட மாமியார் இறந்தப்ப, அவளுக்கும் ஒரு கார்டு செய்யலாமான்னு நான் கேட்டேன். "நம்ம ஆளுங்க கிழிச்சிப் போட்டுருவாங்க லா, எதுக்குக் கை வலிக்கச் செய்யணும்"னு நீ சிரிச்சே. சீனருக்கு, மலாய்க்காரங்களுக்கு, கிறிஸ்துவங்களுக்குன்னு இத்தன செஞ்சோம், தமிழ் இந்து வீட்டுக்கு ஒண்ணுகூட நாம செஞ்சதில்ல. அந்தப் பேச்ச நான் மறந்துட்டா செஞ்சேன்? இல்ல, கிழிப்பாங்கன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சேதான் கார்டுல எழுதினேனா? நீயே சொல்லு.

அதோட விட்டிருந்தா நான் வாயவே திறந்திருக்க மாட்டேன். பதினாறாம் நாள் கருமாதி முடிஞ்சதும் கவிதா உன் பிஸ்கட் டின்ன எடுத்துட்டு வந்தா. தாளு, பசை, கத்தரிக்கோல் எல்லாம் இருக்கிற அந்தப் பெரிய டின். அம்மாவோடத நீங்கதான் ஆண்டி வெச்சிக்கணும், வேற யாருக்கு இதெல்லாம் தெரியும்னா. அவ முகம் அப்படியே உன் முகம், கன்னம் மட்டும் ஒட்டிப் போச்சு. அன்னிக்கும் சொல்லிக்காமத்தான் வந்தேன்.

வீட்ல திறந்து பாத்தேன். கலர்த் தாளுக்கெல்லாம் அடியில, நாலா மடிச்சு, அந்தக் கிளினிக் கடிதம்.

பாவி, அத ஏன்டி அங்க வெச்சே? தூக்கிப் போட உனக்கும் மனசு வரலையா? இல்ல, என்னிக்காவது நான் எடுத்து மூர்த்தி அண்ணன்கிட்டக் குடுப்பேன்னு காத்திருந்தியா? நான் எத்தன தடவ அந்த டின்னுக்குள்ள கைய விட்டிருப்பேன். அடுப்பப் பத்த வெச்சு, கடிதத்த ஒரு கையில பிடிச்சிக்கிட்டு நின்னேன். பத்து நிமிஷம் இருக்கும். எரிச்சிட்டா ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது. மூர்த்தி அண்ணன் மட்டும் சாகுற வரைக்கும் தன்னையே நொந்துக்கிட்டுக் கிடப்பாரு. அடுப்ப அணைச்சேன்.

அதுக்கப்புறமும் உடனே போயிடல. மூணு வாரம் ஓட்டினேன். அதுக்குள்ள இன்னொரு கார்டு செஞ்சேன், அதே கறுப்பு, அதே மங்குஸ்தான் தோல் நிறம், அதே கடுகு. உள்ள மட்டும் ஒரு எழுத்துகூட எழுதல. போன ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போனேன்.

கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்னு சொல்லிட்டேன். கவிதாவும் அண்ணனும் அந்தப் பக்கம். லாக்கர் ரூம்லேருந்து ஆஸ்பத்திரி நடை வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். கிழிஞ்ச கார்டுல என்ன இருந்துதுன்னும் சொன்னேன். கம்பி வழியா கடிதத்த நீட்டினேன். அண்ணன் வாங்கித் தேதியப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் சட்டைப் பையில வெச்சிக்கிட்டு, செருப்புக்கூடப் போடாம உன் மோட்டார்கிட்டப் போயி, அதப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு.

கவிதாதான் கேட்டா. "என் பரீட்சைக்காகவா ஆண்டி?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தன நாளாப் பயந்தேன். இல்லம்மான்னு சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்துது. ஆனா அதுவும் ஒரு பொய்தானே? அப்படித்தான் அம்மா சொன்னா, ஆனா உன் பரீட்சை முடிஞ்சப்புறமும் அவ போகல, பயம், எனக்கும் பயம், தப்பு எங்க ரெண்டு பேரோடதும்தான், உன்னோடது இல்லன்னு சொன்னேன். அவ அழல. கார்ட வாங்கிக்கிட்டா. உள்ளயும் கொண்டு போகல, கிழிக்கவும் இல்ல. வாசல் செருப்பு அலமாரி மேல வெச்சிட்டு, "இனிமே வராதீங்க"ன்னுட்டுக் கதவச் சாத்திட்டா.

நியாயம்தான். நான் அவளா இருந்தா, கல்ல எடுத்து அடிச்சிருப்பேன்.

கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன் சரோ. மழை பிடிச்சிக்கிச்சு. அண்ணன் உன் மோட்டார்கிட்டயே நனைஞ்சிக்கிட்டு நின்னாரு. உன் வீட்டுக்கு வந்துட்டு ரெண்டு தடவ சொல்லிக்காமத் திரும்பியிருக்கேன். கருமாதிதான் முடிஞ்சாச்சே, இப்பச் சொல்லலாம். சாத்தின கதவுக்குக் கேக்கிற மாதிரி சத்தமாவே சொன்னேன்.

"போயிட்டு வரேன் கவிதா."

வரேன்னு நான் சொல்லிட்டேன், இனி போகாம இருக்க முடியாது. நாளைக்கு ஞாயிறு. கதவு திறந்தாலும் திறக்காட்டியும் போயி நிப்பேன். அதுக்கடுத்த ஞாயிறும் நிப்பேன். அவ திட்டினா முழுசாக் கேட்டுக்குவேன். கார்டு எதுவும் கொண்டு போக மாட்டேன், வெறுங்கையோடதான் போவேன்.

உன் மக வாசல்ல நிக்குற,
உன் கூட்டாளி,
விமலா